அளக்கும் கோலும் கற்கும் வழியும்
மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் அமைப்புப் பற்றி ஓர் ஆய்வு

நெல்லை அளக்கும் மரக்கால் நெல்லை விளைவிப்பதில்லை. மொழியை அளக்கும் தேர்வோ அத்தகையதன்று. அஃது அளப்பதோடு நில்லாமல், அளக்கப்படும் மொழி எவ்வாறு விளைய வேண்டும் என்பதையும் வகுத்துவிடுகிறது. எப்பகுதிக்கு மதிப்பெண் மிகுதியோ அப்பகுதியை ஆசிரியர் மிகுதியாகக் கற்பிப்பர்; எப்பகுதிக்கு மதிப்பெண் இல்லையோ அப்பகுதி வகுப்பறையை விட்டே மறைந்துபோகும். பாடத்திட்டம் அச்சிட்ட நூலில் ஒன்றாகவும், தேர்வுத் தாளில் வேறொன்றாகவும் இருக்குமாயின், மாணவர் கைக்கொள்வது தேர்வுத் தாளையே. ஆதலின் ஒரு தேர்வின் அமைப்பை ஆராய்வது, ஒரு நூலை ஆராய்வதைப் போன்ற கல்விப் பணியேயாகும்.

‘முவெட்’ என்று மாணவர் வழங்கும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு அவ்வாறு ஆராய்தற்குரியது. மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் இத்தேர்வு 1999-ஆம் ஆண்டில் தொடங்கியது. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பை நாடுவோர் இதனை எழுதுகின்றனர். இதில் பெறவேண்டிய படிநிலை துறைக்குத் துறை வேறுபடும். ஸ்கூடாயிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, பாரிட் ராஜாவிலுள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமோ, எதனை நோக்கிச் செல்லும் ஜொகூர் மாணவனும் இவ்வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். குளுவாங், சிகாமட், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, மலாய் வழியாக இடைநிலைக் கல்வி முடித்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அப்பிள்ளையின் பட்டப் படிப்பை இம்மூன்றாம் மொழியின் அளவுகோலும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்கும் கோல் நேரானதா என்பதே ஈண்டு எழும் வினா.

பழைய அமைப்பும் புதிய அமைப்பும்

2008-ஆம் ஆண்டின் இறுதி முதல் 2020 வரை இருந்த அமைப்பில் மொத்த மதிப்பெண் 300. கேட்டலுக்கு 15 விழுக்காடும், பேசலுக்கு 15 விழுக்காடும், படித்தலுக்கு 40 விழுக்காடும், எழுதலுக்கு 30 விழுக்காடும் வகுக்கப்பட்டிருந்தன. அதாவது, கண்ணாலும் கையாலும் செய்வதற்கு 70. செவியாலும் வாயாலும் செய்வதற்கு 30.

2021-ஆம் ஆண்டில் இவ்வமைப்பு மாறியது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது மொழி அளவுகோலோடு நாட்டின் ஆங்கிலக் கல்வியைப் பொருத்துவது என்று 2015 முதல் 2025 வரைக்குமான ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத் திட்டம் முடிவு செய்திருந்தது. அதன் ஒரு பகுதியாகவே இம்மாற்றம் வந்தது. இப்பொழுது நான்கு தாள்களுக்கும் சமமாகத் தாளுக்கு 90 மதிப்பெண், மொத்தம் 360. கேட்டல் தாள் 30 நிமிடம், 20 வினா என்பதிலிருந்து 50 நிமிடம், 30 வினாவாக வளர்ந்தது. படித்தல் தாள் 90 நிமிடம், 45 வினா என்பதிலிருந்து 75 நிமிடம், 40 வினாவாகக் குறைந்தது. எழுதல் தாளும் 90 நிமிடத்திலிருந்து 75 நிமிடமாகச் சுருங்கியது.

படிநிலைகளின் பெயரும் மாறிற்று. முன்பு 1 முதல் 6 வரை இருந்த படிகள், இப்பொழுது 1.0 முதல் 5+ வரை அமைந்துள்ளன, இடையே 2.5, 3.5, 4.5 என்னும் அரைப்படிகள் உண்டு. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நன்று. அண்ணன் பழைய தேர்வில் பெற்ற நான்காம் படியையும், தங்கை புதிய தேர்வில் பெற்ற நான்காம் படியையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுதல் தவறு. கோல் மாறியபின் அளவு மட்டும் எங்ஙனம் ஒன்றாகும்?

எண்கள் கூறும் செய்தி

இம்மாற்றத்தின் வன்மை, எடுத்துக்காட்டாக ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். இரு மாணவரை எண்ணிக்கொள்க. முதல்வன் தோட்டப்புறப் பிள்ளை. நூல்களைக் கருத்தாகப் படிப்பான், பிழையின்றி எழுதுவான். ஆனால் ஆங்கிலம் பேசுவாரை அவன் அடுத்துக் கேட்டதில்லை, தானும் பேசியதில்லை. படித்தலிலும் எழுதலிலும் அவன் நூற்றுக்கு 80 பெறுகிறான். கேட்டலிலும் பேசலிலும் 40 பெறுகிறான். இரண்டாமவன் நகரத்துப் பிள்ளை. வீட்டில் ஆங்கிலம் புழங்கும், நூல் தொடமாட்டான். கேட்டலிலும் பேசலிலும் 80. படித்தலிலும் எழுதலிலும் 40.

பழைய எடையின்படி முதல்வன் பெறுவது நூற்றுக்கு 68. இரண்டாமவன் பெறுவது 52. புதிய எடையின்படி இருவரும் பெறுவது 60. முதல்வன் 8 இழந்தான். இரண்டாமவன் 8 பெற்றான். அவர்களிடையே இருந்த 16 மதிப்பெண் வேறுபாடு ஒரே நாளில் மறைந்தது. இருவருடைய ஆங்கிலமோ அணுவளவும் மாறவில்லை! கோலின் வகுப்பு மாறியது, அவ்வளவே.

இக்கணக்கைக் காட்டிப் புதிய அமைப்பு தோட்டப்புறப் பிள்ளைக்குக் கேடு செய்தது என்று கூறுவது எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை கேட்கவேண்டும், ஆய்வரங்கில் வினவவேண்டும், பின்னர் வேலை தேடிச் சென்று நேர்முகத் தேர்வில் விடையளிக்கவேண்டும். இவற்றிலெல்லாம் செவியும் வாயுமே முன்னிற்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் மொழி. பழைய அமைப்பு முதல்வனுடைய குறையை மறைத்தது. புதிய அமைப்பு அதனை வெளிப்படுத்துகிறது. காய்ச்சலைக் காட்டிய கருவியை உடைப்பதால் காய்ச்சல் தணியாது.

கேட்டலும் பேசலும் புதியனவா?

மொழியறிவில் பேச்சுக்கு இடம் வேண்டும் என்பது மேலைநாட்டினர்க்கும் பழைய கொள்கையே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-ஆம் ஆண்டில் பிறமொழியாளர்க்கெனத் தன் ஆங்கிலத் திறன் தேர்வை முதன்முதல் நடத்தியபொழுது, மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் ஆகியவற்றோடு, சொல்லக் கேட்டு எழுதலும், உரக்கப் படித்தலும், உரையாடலும் அதில் இடம்பெற்றன. அத்தேர்வை எழுதியோர் மூவர், மூவரும் தேறவில்லை. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ‘டோஃபல்’ தேர்வோ, விடையைத் தேர்ந்து குறிக்கும் வினாக்களையே பெரிதும் நம்பியது. 2005-இல் இணையவழித் தேர்வாக மாறியபொழுதுதான் பேசுதல் அதன் கட்டாயப் பகுதியாயிற்று. அப்பொழுது பகுதிக்கு 30 என நான்கிற்கும் சம மதிப்பெண் வழங்கி, மொத்தத்தை 120 ஆக்கினர். மலேசியத் தேர்வு 2021-இல் வந்து சேர்ந்த இடமும் இதுவே.

தமிழ் ஆசிரியர்க்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கென 42-ஆம் அதிகாரத்தையும், சொல்வன்மைக்கென 65-ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து அமைத்தார். கற்றவன் கேட்கவும், கேட்டவன் பேசவும், பேசுபவன் அவையில் நிற்கவும் வல்லனாதல் வேண்டும் என்பதே இவ்வமைப்பின் கருத்து.

நன்னூலின் பொதுப்பாயிரம் இன்னும் நுட்பமாகக் கணக்கிடுகிறது. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கல்வியில் காற்பங்கே என்கிறார் பவணந்தி முனிவர். உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு வந்து சேரும். கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்பொழுதுதான் எஞ்சிய அரைப்பங்கு நிறையும். புதிய தேர்வின் பேசல் தாளை இதனோடு வைத்து நோக்குக. அதன் முதற் பகுதி, கொடுத்த பொருள்பற்றி ஒருவர் தனித்து எடுத்துரைத்தல். இரண்டாம் பகுதி, நால்வர் கூடிக் கலந்துரையாடல். பவணந்தியார் முக்காற்பங்கு கல்வி எனக் கண்ட இரண்டு செயல்களும் அங்கே உள்ளன. ஆதலின் நான்கு திறனுக்கும் சம இடம் அளித்தமையைத் தமிழுலகம் தயங்காது வரவேற்கலாம்.

நால்வர் நடுவில் ஒருவர்

வரவேற்பு ஒருபுறமிருக்க, குறையும் அவ்விடத்திலேயே உள்ளது. பவணந்தியார் கூறியது கற்கும் வழி. தேர்வு மன்றம் செய்வது அளக்கும் வேலை. உடன்பயில்வாரோடு கலந்து கற்கும்பொழுது, ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவர், அது நன்மையே. ஒருவருடைய திறனை மட்டும் அளக்க வேண்டிய இடத்தில், மற்ற மூவருடைய இயல்பும் வந்து கலந்துவிடுகிறது, அது நன்மையாகாது.

கலந்துரையாடலில் ஒருவன் இடைவிடாது பேசினால் அடக்கமுள்ள பெண்ணுக்கு வாய் திறக்க இடமிராது. மூவர் ஒரு வாக்கியத்திற்கு மேல் பேசவியலாதவராயின், நான்காமவன் மறுத்துரைக்கவும் கருத்தை வளர்க்கவும் எதிராளியின்றித் தவிப்பான். தேர்வாளர் நடுவுநிலைமையோடு ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கினாலும், ஒருவர் காட்டாத திறனுக்கு அவர் மதிப்பெண் இடுதல் இயலாது. காட்டாமைக்குக் காரணம் இல்லாமையா, இடம் கிடையாமையா என்பதை அறியும் வழி அத்தேர்வில் இல்லை.

உலகெங்கும் வழங்கும் ‘ஐயெல்ட்ஸ்’ தேர்வில் தேர்வாளர் ஒருவர் மாணவர் ஒருவரோடு தனித்து 11 முதல் 14 நிமிடம் உரையாடுகிறார். அங்கே கூட்டாளியால் வரும் இடர் இல்லை. எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. தேர்வாளர் வினவ மாணவர் விடையளிப்பதே அங்கு மிகுதி. சமமானவரிடையே இடைமறித்தல், உடன்படல், மறுத்தல் முதலியவை அங்கே வெளிப்படா.

இரண்டையும் இணைக்கும் வழி நம் நாட்டிலேயே உள்ளது. 2021-ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடமும் நான்கு திறன்களுக்கும் தனித்தனித் தாள் கொண்டதாக மாறிற்று. அதன் பேசல் தாளில் மாணவர் இருவர் இருவராக வருகின்றனர். முதலில் தேர்வாளர் ஒவ்வொருவரையும் தனியே வினவுகிறார். அடுத்து ஒவ்வொருவரும் தனித்துப் பேசுகின்றனர். இறுதியில் இருவரும் கலந்துரையாடுகின்றனர். பதினேழு வயதில் எழுதும் தேர்வில் உள்ள தனி வினா, பல்கலைக்கழக வாயிலில் உள்ள தேர்வில் இல்லாதது ஏன்? நால்வர் உரையாடல் முடிந்தபின், தேர்வாளர் ஒவ்வொருவரிடமும் அவ்வுரையாடலைப் பற்றியே இரண்டு வினா கேட்பாராயின், வாய்ப்பிழந்தவர்க்கு வாய்ப்புக் கிட்டும். மனப்பாடம் செய்து வந்தவரும் வெளிப்படுவர். செலவு, ஆளுக்கு இரண்டொரு நிமிடமே.

மனப்பாடத்தின் மேல் கட்டிய மாளிகை

எந்த அமைப்பாயினும் அதனை வெல்லப் பயிற்சி நூல்கள் தோன்றும். பேசல் தாளுக்கு உரியவையென அவை தரும் தொடக்க வாக்கியங்களையும், உடன்படும் தொடர்களையும், முடிவுரைத் தொடர்களையும் மாணவர் உருப்போடுகின்றனர். இரண்டு நிமிடம் எண்ணி இரண்டு நிமிடம் பேசவேண்டிய முதற் பகுதியில், இத்தொடர்களைச் சொல்லி முடிப்பதற்குள்ளாகவே காலத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். எஞ்சிய நேரத்தில் சொல்ல ஒரு கருத்தும் இராது. சட்டி அழகாக இருந்து பயனென்ன? அகப்பையில் வருவது சட்டியில் உள்ளதுதானே!

எழுதல் தாளிலும் இவ்வாறே. முந்தைய அமைப்பில் இரண்டு பணிகள் இருந்தன. ஒன்று, வரைபடத்தையோ அட்டவணையையோ கண்டு 150 முதல் 200 சொற்களில் அறிக்கை எழுதுவது; மற்றொன்று, 350 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுதுவது. புதிய அமைப்பில் முதற் பணி, வந்த மடலுக்கோ மின்மடலுக்கோ 100 சொற்களுக்குக் குறையாமல் மறுமொழி எழுதுவது. அதற்குரிய காலம் 25 நிமிடம். இரண்டாம் பணி, 250 சொற்களுக்குக் குறையாத கட்டுரை. அதற்கு 50 நிமிடம்.

மடலுக்கு மறுமொழி எழுதுதல் வாழ்க்கைக்கு அணுக்கமானது என்பதில் ஐயமில்லை. யாருக்கு எழுதுகிறோம், எவ்வளவு பணிவு வேண்டும் என்பதை அது சோதிக்கிறது. ஆயினும் எண்களைக் கண்டு, அவற்றுள் தலையாயதைத் தெரிந்து, வீண்சொல்லின்றி உரைக்கும் அறிக்கைப் பயிற்சி பல்கலைக்கழகக் கல்விக்கே உரிய பயிற்சி. பொறியியல் மாணவனும் வணிக மாணவனும் நாள்தோறும் செய்யப்போவது அதுவே. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய தேர்வு, பல்கலைக்கழகத்திற்கே உரிய அந்த ஒரு பணியைக் கைவிட்டமை இழப்பேயாகும். மறுமொழி மடலில் ஒரு சிறு அட்டவணையை விளக்கச் சொன்னால் இரண்டும் ஒருங்கே நிறைவேறும். அங்ஙனம் செய்வதை எந்த அளவுகோலும் தடுக்கவில்லை.

படித்தல் தாளில் வினாவுக்குச் சராசரி இரண்டு நிமிடம் என்பது, இரண்டு நிமிடத்திற்குச் சற்றே குறைவாயிற்று. இது பெரிய மாற்றமன்று. விரைந்து படிப்பவன் முன்பும் வென்றான், இப்பொழுதும் வெல்வான்.

தரை சமமாக வேண்டும்

நான்கு கால்களும் ஒத்த உயரமுள்ள கட்டிலாயினும், தரை மேடுபள்ளமாயின் கட்டில் ஆடும். தேர்வின் நான்கு தாள்களும் சமமாயின. அவற்றைக் கற்கும் இடங்கள் சமமாயினவா? படித்தலையும் எழுதலையும் ஒரு நல்லாசிரியரும் சில நூல்களும் இருந்தால் தோட்டத்து லயன் வீட்டிலிருந்தும் கற்கலாம். கேட்டலையும் பேசலையும் அவ்வாறு கற்றல் அரிது. அவற்றுக்கு மனிதர் வேண்டும். ஜொகூர் பாரு நகரத்துப் பிள்ளை, பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பும் உறவினர் வாயிலாகவேனும் ஆங்கிலத்தைக் கேட்கிறது. செம்பனைக் காட்டிற்கு நடுவே வாழும் பிள்ளைக்கு அது கிட்டுவதில்லை. கைப்பேசி வந்தபின் கேட்டலுக்கு வழி ஓரளவு பிறந்தது என்பது உண்மை. ஆனால் கைப்பேசி பேசும்; பிள்ளை கேட்கும்; பிள்ளை திருப்பிப் பேசினால் அதன் பிழையை அன்போடு திருத்துவார் வேண்டுமே! எடையைச் சமமாக்கியவர், வாய்ப்பையும் சமமாக்கும் பொறுப்பினின்று நீங்கவியலாது. கேட்டல் கருவிகளும், ஆங்கிலம் இயல்பாகப் பேசும் ஆசிரியரும் முதலில் சென்று சேரவேண்டிய இடங்கள் சிறிய உட்புறப் பள்ளிகளே.

தமிழாசிரியரின் பங்கு

ஆங்கிலத் தேர்வுக்கும் தமிழாசிரியர்க்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. முதல் மொழியில் வளர்ந்த சிந்தனைத் திறன் இரண்டாம் மொழிக்கும் துணையாகும் என்று கனடா நாட்டு மொழிக் கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-ஆம் ஆண்டு முதல் வலியுறுத்தி வந்துள்ளார். ஒலிப்பும் சொல்லும் மொழிக்கு மொழி வேறு. அவற்றை அந்தந்த மொழியிலேயே கற்கவேண்டும். ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்தல், காரணம் காட்டுதல், எடுத்துக்காட்டுத் தருதல், பிறர் கூற்றைக் கேட்டு அதற்கு ஏற்ப மறுமொழி கூறுதல் ஆகியவை ஒருமுறை வாய்த்தால் எம்மொழிக்கும் உதவும்.

தமிழ் வகுப்பில் மூன்று நிமிடம் எழுந்து நின்று ஒரு கருத்தை நிறுவத் தெரிந்த பிள்ளை, ஆங்கிலத்தில் சொல் தேடித் தடுமாறலாம். கருத்துத் தேடித் தடுமாறாது. அவ்வாறன்றித் தமிழ் வகுப்பிலும் ஆசிரியரே பேசி, மாணவர் வாய்மூடிப் படியெடுத்து எழுதிக்கொண்டிருந்தால், நான்கு பாகத்தில் ஒரு பாகக் கல்வியே அங்கு நிகழ்கிறது என்று பவணந்தியார் கணக்கே கூறிவிடும். வாரம் ஒருமுறை நால்வர் நால்வராக அமர்ந்து கலந்துரையாடல், கேட்ட கதையை மறுநாள் திருப்பிச் சொல்லல், மேல் வகுப்பினர் கீழ் வகுப்பினர்க்குப் பாடம் எடுத்துரைத்தல்: இம்மூன்றிற்கும் பணம் வேண்டா, மனம் வேண்டும். பேச்சுப் போட்டிக்கென ஒரு பிள்ளையைத் தெரிந்து உருப்போடச் செய்து மேடையேற்றுவதோடு பள்ளியின் பேச்சுப் பயிற்சி முடிந்துவிடலாகாது. போட்டிக்குப் போகாத மற்றப் பிள்ளைகளுக்கே பேச்சுப் பயிற்சி மிகுதியாக வேண்டும்.

மொத்தத்தில், 2021-ஆம் ஆண்டின் அமைப்பு முந்தையதினும் நேரிய கோலே. செவிக்கும் வாய்க்கும் உரிய இடத்தை அது மீட்டுத் தந்தது. நால்வர் உரையாடலோடு தனி வினாவும் சேர்ந்து, எழுதல் தாளில் எண்களை விளக்கும் பணியும் திரும்புமாயின், அதன் கோணல் பெரும்பாலும் நீங்கும். அவை தேர்வு மன்றம் செய்யவேண்டியவை. பிள்ளைகளுக்குப் பேச வாய் திறந்துவிடும் பணியோ ஒவ்வொரு பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பிலேயே, தாய்மொழியிலேயே தொடங்கவேண்டியது. அதற்கு எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை.